சந்தாவில் வந்த மனைவி

ஹாங்காங் துறைமுக அலுவலக எழுத்தர் பெலார்மினோ ரொசாரியோவின் மனைவி, அவர் பதினோரு வருடம் சந்தா கட்டிய பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அதற்கு முன் அவருக்கு மனைவி கிடையாது. உத்தியோகஸ்தர் இறந்தால் குடும்பம் தவிக்கக் கூடாது என்று விதவைகள் நிதிக்கு எல்லோர் சம்பளத்திலும் பிடித்தார்கள். கல்யாணம் ஆகாதவர்களிடமும் பிடித்தார்கள். மற்ற பிரம்மச்சாரிகள் திட்டிக்கொண்டே கட்டினார்கள். பெலார்மினோ மட்டும், அவளுக்குப் பாதாம் கேக் பிடிக்குமா என்று யோசித்துக்கொண்டே கட்டினார். அவள் பெயர் எத்தெல்வினா. பிடிக்கும் என்றாள்.

தெருவில் யாரும் பெரிதாக வியக்கவில்லை. எதிர்வீட்டு கெருபீனா அம்மாள் மட்டும் அவள் சமைத்த கொத்திறைச்சியைத் தின்று பார்த்து, சோயா தூக்கல் என்று சொல்லிவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டாள். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. சம்பளம் வெள்ளி டாலரில் வந்தது. நிதியின் கணக்கு லண்டன் பவுன் நாணயத்தில் நடந்தது. வெள்ளி விலை இறங்கினால் கட்டிய டாலருக்குப் பவுன் குறைவாகத் தேறும். அந்த அளவுக்கு எத்தெல்வினாவும் குறைவாள். காலிலிருந்து மறையத் தொடங்குவாள், விலை ஏறினால் திரும்பி வருவாள்.

“இன்னிக்கு ரேட்டுக்கு முழங்காலுக்குக் கீழ ஒண்ணும் இல்லீங்க. செருப்பாவது தேயாம இருக்கட்டும்” என்பாள்.

கல்யாணம் செய்துவைக்க பாதர் கவுதென்சியோவுக்குத் தடையில்லை. கல்யாணத்தை ஊரறியச் சொல்லி மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசிக்க வேண்டும், மோதிரம் போட விரல் வேண்டும், அவ்வளவுதான். பெலார்மினோ ஒரு வெள்ளி டாலரை உருக்கி மோதிரம் செய்தார். ஆனால் ஓலை வாசித்த அந்த மூன்று வாரமும் வெள்ளி சரிந்துகொண்டே போனது. முதல் ஞாயிறு அவள் இடுப்புவரை மறைந்துபோயிருந்தாள். மூன்றாம் ஞாயிறு குரல் மட்டும் மிஞ்சியது. இன்னும் இறங்கினால் அதுவும் போய்விடும். பெலார்மினோ சாப்பிடுவதை நிறுத்தினார். மீன்கடைக்குப் போன பெண்கள் மீன் விலைக்கு முன் வெள்ளி விலையை விசாரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை லண்டனிலிருந்து வந்த தந்தியில் விலை சற்றே ஏறியிருந்தது. எத்தெல்வினாவின் முகம் வந்தது, தோள் வந்தது, இடது கை வந்தது. தெருவே அவளைக் கோவிலுக்கு நடத்திப் போனது. பாதர் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு நின்றார்.

“சவரத்தைச் சாயங்காலம் வெச்சுக்குங்க பாதர், வெள்ளி நிக்காது” என்றாள் கெருபீனா.

மோதிரம் விரல் முட்டியில் ஒரு நிமிடம் சிக்கி, பிறகு இறங்கியது. ஆமென் சொல்வதற்குள் அடுத்த தந்தி வந்துவிட்டது. கை போனது, தோள் போனது, முகம் சிரித்துக்கொண்டே போனது. மோதிரம் மட்டும் காற்றில் நின்றது. பெலார்மினோ அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அழாதீங்க” என்றது குரல். “இனிமே நான் வீட்ல எங்க இருக்கேன்னு உங்களுக்குத் தெரியும்ல?”

கல்யாணமானவர் என்று அலுவலகத்தில் சந்தாவைக் கூட்டினார்கள். அவர் சந்தோஷமாகக் கட்டினார். விலை நன்றாக இருந்த ஆண்டுகளில் இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள். விலை விழுந்த ஆண்டுகளில் மோதிரம் தேநீர் ஊற்றியது, பிள்ளைகளுக்குத் தலை வாரியது. விருந்துக்கு வருகிறவர்கள் மோதிரத்துக்குத் தலை வணங்கி நலம் விசாரித்தார்கள். கெருபீனா மட்டும் சோயா தூக்கல் என்று அதனிடம் முகத்துக்கு நேராகச் சொல்வாள். மோதிரம் அவள் தட்டில் இன்னொரு கரண்டி போடும்.