பக்கத்து இருக்கையின் பிரேக்

அந்த டிரைவிங் ஸ்கூலில் அவளுக்குப் பிரேக் அக்கா என்று பெயர். அவள் காதுபட யாரும் கூப்பிடுவதில்லை. ஆனால் அவள் உள்ளே வரும்போது சட்டென்று விழுங்கப்படும் சிரிப்பில் அந்தப் பெயர் இருக்கும்.

பெயர் வந்தது போன வருடம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் கூடத்தில் ஒரு வகுப்பு நடக்கும். அதை ஒருமுறை எடுத்துப் பார்க்கும்படி முதலாளி அவளிடம் சொன்னார். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பதில் அவளை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது. ஆனால் காருக்குள் பேசுவது வேறு. அங்கே இரண்டு பேரும் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. கூடத்திலோ அத்தனை முகங்களும் அவளையே பார்த்தன. ஸ்டியரிங்கைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசியிருப்பாள். முன்வரிசையில் ஒருவர் புருவத்தைச் சுருக்கினார். அவ்வளவுதான். அவளுடைய வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. வாயிலிருந்து, "பிரேக்! பிரேக்!" என்று ஒரு கத்தல் வந்தது.

கூடம் கொல்லென்று சிரித்தது. பயிற்சி வண்டியில் பக்கத்து இருக்கையில் அமர்பவருக்கும் காலடியில் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்பவர் தடுமாறினால் அதை மிதித்து வண்டியை நிறுத்தலாம். வருடக்கணக்காக அதன்மேல் கால் வைத்துப் பழகியவள், ஆபத்து என்று தோன்றியதும் மிதித்துவிட்டாள். ஆபத்து என்று தோன்றியது ஒரு மனிதரின் புருவம்.

இப்போது தலைமைப் பயிற்சியாளர் வேலையை விட்டுப் போகிறார்.

"அந்த இடத்துக்கு வர்றவங்க சனிக்கிழமை வகுப்பை எடுத்துத்தான் ஆகணும்," என்றார் முதலாளி. "இந்த வாரம் நீங்க எடுங்க. அடுத்த வாரம் மைக் எடுக்கட்டும். அப்புறம் முடிவு பண்றேன்."

மைக் என்பது அவளிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, அங்கேயே பயிற்சியாளராகச் சேர்ந்த பையன். மைக்கை முழுங்கினவன் மாதிரி பேசுவான் என்பதால் அந்தப் பெயர்.

"எனக்குக் கீழ வேலை பார்க்கறது உங்களுக்குக் கஷ்டமா இருக்காதுல்லக்கா?" என்றான், வண்டியைத் துடைத்தபடி.

"நீ முதல்ல ரிவர்ஸ் எடுக்கறப்ப கண்ணைத் திற. அப்புறம் யாருக்கு யார் கீழன்னு பேசிக்கலாம்."

இதெல்லாம் அவளுக்கு நன்றாக வரும். ஒரே ஆளிடம், பக்கவாட்டில், சாலையைப் பார்த்துக்கொண்டு என்றால் வாய் காது வரைக்கும் நீளும். அந்த வேலை தனக்குத்தான் வரவேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அதைக் கேட்டு வாங்கும் குரல்தான் இல்லை.

வீட்டில் சமையலறைதான் மேடை. செருப்புக் கடையில் வேலை பார்க்கும் நாத்தனார் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். லிஃப்ட் பழுது பார்த்துவிட்டு எண்ணெய்க் கையோடு வந்த கணவன் வாசற்படியில் சாய்ந்து நின்றான்.

"ஆரம்பிங்க அண்ணி. நான்தான் கூட்டம். அண்ணன் கைதட்டற கோஷ்டி."

"கைதட்டணும்னா முதல்ல அவ பேசணுமே," என்றான் அவன்.

பேசினாள். கிளட்ச் வரை போய் நின்றாள். மறுபடி ஆரம்பித்தாள். மறுபடியும் கிளட்ச். சொல்லெல்லாம் தெரியும், வரிசையும் தெரியும். ஆனால் பேச்சு சூடு பிடிக்கிற நேரத்தில் உள்ளே ஏதோ ஒன்று பிடித்து நிறுத்தியது.

நாத்தனார் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. கடைப் பழக்கம், அவள் கண் எப்போதும் காலைத்தான் பார்க்கும்.

"அண்ணி, மிதியடி எங்க?"

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். அவள் நின்றிருந்த துணி மிதியடி நழுவி நழுவி ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டிருந்தது.

"நல்லாப் பேச ஆரம்பிக்கறப்பல்லாம் மிதிக்கறீங்க. மிதிச்ச உடனே பேச்சு நின்னுடுது. இங்க ஏது பிரேக்?"

கணவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். பிறகு பாத்திரம் கழுவும்போது அந்தக் கேள்வி மனதிலேயே நின்றது. இங்கே ஏது பிரேக்? காரில் இருப்பது யாரோ பொருத்திக் கொடுத்தது. இது? பள்ளியில் பதில் தெரிந்தும் பாதியில் இறக்கிக்கொண்ட கை. விருந்தாளிகள் முன் வாய்விட்டுச் சிரிக்கப் போய், ஒருவரும் எதுவும் சொல்வதற்கு முன்பே மென்று விழுங்கிய சிரிப்பு. யாரும் அவளை நிறுத்தியதாக ஞாபகம் இல்லை. அந்த வேலையை அவளே முந்திக்கொண்டு செய்துவந்திருக்கிறாள். அடுத்தவர் தவறை நிறுத்துவதில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவள், தன் சரியையும் சேர்த்தல்லவா நிறுத்தியிருக்கிறாள்! நினைக்க நினைக்க வெட்கத்தை விடக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் நன்றாகவும் இருந்தது.

மறுநாள் காலை, புதிதாகச் சேர்ந்த ஒரு நர்ஸுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தாள். நேரான, அகலமான சாலை. நர்ஸ் வண்டியை ஓரத்திலிருந்த விளக்குக் கம்பத்தை நோக்கியே கொண்டுபோனாள்.

"ஏம்மா அந்தக் கம்பத்தை முறைக்கறீங்க? அது உங்களை என்ன பண்ணுச்சு?"

"மோதிடுவேனோன்னு பயமா இருக்கு மேடம்."

"பயப்படறதையே பார்த்துட்டிருந்தா கையும் அங்கதான் போகும். கம்பத்தை விடுங்க. போற வழியைப் பாருங்க."

நர்ஸ் கண்ணை நிமிர்த்தினாள். வண்டி தானாக நேரானது. ஆயிரம் பேருக்குச் சொன்ன வார்த்தை. அன்றைக்குத்தான் அது சொன்னவள் காதிலும் விழுந்தது. முன்வரிசையில் புருவம் சுருக்கிய அந்த மனிதரை அவள் இன்னமும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறாள். சொந்தச் சமையலறையில்கூட அவருக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறாள்.

சாயங்காலம் நாத்தனாரிடம் சொன்னாள்.

"கண்ணுக்கு வழி கிடைச்சாச்சு. இந்தக் காலுக்கு என்ன பண்றது?"

"நடங்க அண்ணி. எங்க கடையில புதுச் செருப்பைப் போட்டுட்டு அப்படியே நிக்கறவங்களை நாங்க விடவே மாட்டோம், நடக்கச் சொல்லுவோம். நடக்கற கால் எப்படி பிரேக்கை மிதிக்கும்?"

சமையலறையிலிருந்து கூடம், கூடத்திலிருந்து பால்கனி, திரும்பவும் சமையலறை. பேசிக்கொண்டே நடந்தாள். கணவன் தேநீர் டம்ளரோடு பின்னாலேயே வந்தான்.

"கூட்டமும் கூடவே நடக்கணுமா? சொல்லியிருந்தா ஷூ போட்டுட்டு வந்திருப்பேனே."

சனிக்கிழமை வரைக்கும் அப்படித்தான். மாடி வீட்டு அம்மா படியில் பார்த்து, "மூணாவது கியர் போடறது எனக்கே புரிஞ்சுடுச்சும்மா," என்றாள்.

சனிக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. மூன்றாம் வரிசையில் நர்ஸ். கடைசியில் கதவோரம் முதலாளி. அவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு மைக். முன்வரிசை நடுவில், யாரோ சொல்லி வைத்து உட்கார வைத்த மாதிரி, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு ஒரு மனிதர். போன வருடத்து ஆள் இல்லை. ஆனால் புருவம் அதே புருவம்.

வணக்கம் சொன்னாள். இரண்டு வாக்கியம் போயிற்று. கால் மிதித்தது. பேச்சு நின்றது.

பின்னாலிருந்து மைக் மெதுவாகச் சொல்கிற பாவனையில், எல்லாருக்கும் கேட்கும்படி, "பிரேக்," என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவள் தன் காலைப் பார்த்தாள். அதைத் தூக்கி, முன்னால் வைத்தாள்.

"அந்தத் தம்பி சொல்றது சரிதான். இங்க என் பேரு பிரேக் அக்கா. ஏன்னு சொல்லட்டுமா?"

அடுத்த அடி. மேசையைத் தாண்டி வந்துவிட்டாள். போன வருடம் இதே இடத்தில் நின்று கத்தியதைக் கத்தியே காட்டினாள். கூடம் போன வருடத்தை விடப் பெரிதாகச் சிரித்தது. ஆனால் இந்தச் சிரிப்பை அவளே கொடுத்தாள். எப்போது அடங்கும் என்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"இல்லாத பிரேக்கை மிதிச்சவ நான். வண்டி ஓட்டப் போற உங்களுக்கும் பயம் இருக்கும். யாருக்கு எதைக் கண்டா பயம்? சொல்லுங்க."

"லாரி," என்றது ஒரு குரல்.

"பின்னாடி ஹாரன் அடிக்கறவங்க."

"விளக்குக் கம்பம்," என்றாள் நர்ஸ்.

"எங்க வீட்டுக்காரர் பக்கத்துல உட்கார்ந்தா," என்றாள் ஓர் அம்மா.

"அதுக்கு எங்க வண்டியிலயே பிரேக் கிடையாதும்மா!"

வரிசைகளுக்கு நடுவே நடந்தாள். திறந்திருந்த முகங்களைப் பார்த்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போனாள். முன்வரிசைக்கு வந்து, புருவக்காரர் பக்கத்தில் நின்றாள்.

"நீங்க சொல்லுங்க சார். உங்களுக்கு என்ன பயம்?"

"பயமெல்லாம் இல்லம்மா. கண்ணாடியை வீட்டுலயே விட்டுட்டேன். நீங்க யாருன்னே இப்பதான் தெரியுது."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. விழுங்கவில்லை.

அதன் பிறகு பேச்சு அவளை இழுத்துக்கொண்டு போகவில்லை, அவள்தான் அதை ஓட்டினாள். வளைவில் நிதானித்தாள். காலியான சாலையில் விரட்டினாள். கிளட்சைத் தாண்டியது அவளுக்கே தெரியவில்லை. நோட்டுப் புத்தகத்தில் கிறுக்கிக்கொண்டிருந்தவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

மைக் கட்டியிருந்த கையை எப்போதோ அவிழ்த்திருந்தான். முதலாளி பக்கம் சாய்ந்து சொன்னது முன்னால் வரை கேட்டது. மெதுவாகப் பேச அவனுக்கு என்றைக்குமே வராது.

"சார், அடுத்த வாரம் என் வகுப்பையும் அக்காவுக்கே குடுத்துடுங்க. இதுக்கப்புறம் வந்து நான் என்னத்தைப் பேசறது?"

"அடுத்த வாரம் மட்டும் இல்லப்பா, எல்லாச் சனிக்கிழமையும் அவங்கதான்," என்றார் முதலாளி. சொல்லிவிட்டு அவளைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். நேரம் முடிந்து வெகுநேரமாகிவிட்டது, வாசலில் அடுத்த கூட்டம் காத்திருந்தது.

முதலாளியும் ஒரு காலத்தில் பயிற்சியாளராக இருந்தவர்தான். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது: அவருடைய வலது கால் தரையை மிதித்தது. மறுபடி மிதித்தது.

அங்கே ஏது பிரேக்? அவள் அடுத்த கியரைப் போட்டாள்.