இரும்பு அலுமாரியின் திறப்பு

குலசேகரம் ஒரு காகத்தைக்கூடக் கையோங்கி விரட்டாத மனிதர். மச்சம் மாமிசம் தொடமாட்டார். அப்படிப்பட்டவர் லண்டன் ஆர்ச்வேயில், முருகன் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் தன் வீட்டில், ஐந்து இரட்டைக் குழல் துவக்குகளை வைத்திருந்தார் என்றால் யார் நம்புவார்கள்?

சுடுவதற்கு இல்லை, பார்ப்பதற்கு. இங்கிலீஷ்காரப் பிரபுக்கள் ஒரு காலத்தில் வேட்டைக்குத் தூக்கிப்போன துவக்குகள் அவை. விசைக்கு மேலே இருக்கும் தகட்டில் நாயும் காட்டுக்கோழியும் செதுக்கியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொன்றாக மடியில் கிடத்தி, எண்ணெய்த் துணியால் துடைத்து, அந்த நாயின் காதைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருப்பார். அவற்றின் மேல் அவருக்கு உயிர். பொலிஸ் கொடுத்த லைசென்ஸ் இருந்தது, சுவரோடு பூட்டிய இரும்பு அலுமாரி இருந்தது, எல்லாம் சட்டப்படி.

ஒன்றைத் தவிர. குலசேகரத்துக்கு மறதி பொல்லாதது. நோர்தர்ன் லைன் ரயிலில் அவர் விட்டுவிட்டு வந்த குடைகளைச் சேர்த்தால் ஒரு கடை போடலாம். ஆகவே அந்த வீட்டின் திறப்புகள், அதாவது சாவிகள், எல்லாம் அவருடைய மனைவி சிவகௌரியிடம் ஒரே கொத்தாக இருந்தன. வாசல் திறப்பு, நகைப் பெட்டித் திறப்பு, துவக்கு அலுமாரித் திறப்பு. யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் திறப்புக் கொத்து வேறு யாரிடம் இருக்கும்? இருவரும் அதைப்பற்றி ஒரு நாளும் யோசித்ததே இல்லை.

சட்டத்தை இறுக்கிய அந்த வருசம் லைசென்ஸைப் புதுப்பிக்கும் முன் அலுமாரியைப் பார்க்க வந்தார் கான்ஸ்டபிள் பீற்றர். நல்ல மனிதர், சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். குலசேகரம் பழக்கதோஷத்தில் குசினிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"சிவகௌரி, அலுமாரித் திறப்பைக் கொண்டு வாரும்!"

சிவகௌரி கையில் உழுந்து மாவோடு வந்து, கொத்தில் பார்க்காமலே சரியான திறப்பை எடுத்து, அலுமாரியைத் திறந்துவிட்டு, வடை எரிந்துவிடும் என்று திரும்ப ஓடினாள். பீற்றர் துவக்குகளைப் பார்க்கவில்லை, அவள் போன திசையைப் பார்த்தார். அம்மாவிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று மெல்லக் கேட்டார். இல்லை என்றார் குலசேகரம்.

அப்படியென்றால் அது குற்றம் என்றார் பீற்றர். லைசென்ஸ் இல்லாத ஒருவர் அலுமாரியைத் திறக்க முடியுமானால் துவக்கையே அவர் கையில் கொடுத்த மாதிரி. திறப்பு எங்கே இருக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரியக் கூடாது. மனைவி என்றாலும் கூடாது. வடை நன்றாக இருந்ததாலோ என்னவோ அவர் ஒரு தவணை கொடுத்தார். புதுப் பூட்டுப் போடுங்கள், திறப்பை நீங்களே வைத்திருங்கள், அடுத்த மாதம் வந்து பார்ப்பேன். இல்லாவிட்டால் அம்மாவும் ஒரு லைசென்ஸ் எடுக்கட்டுமே.

குலசேகரம் விழுந்து விழுந்து சிரித்தார். "இவவுக்கு என்னத்துக்குத் துவக்கு? இவவின்ரை வாய் போதாதோ!" என்று தமிழிலும் சொல்லி, விருந்தாளிக்கு விளங்கட்டும் என்று இங்கிலீஷிலும் சொன்னார்.

சிவகௌரி இரண்டு மொழியிலும் கேட்டுக்கொண்டாள். வாசல்வரை போய் பீற்றரை வழியனுப்பியவளும் அவள்தான். வாசலில் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கதைத்தார்கள்.

புதுப் பூட்டு வந்தது. திறப்பை ஒளிக்க குலசேகரம் பட்ட பாடு சொல்லி முடியாது. சப்பாத்துக்குள் வைத்தார், மனம் கேட்கவில்லை. சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தார், அது வெள்ளிக்கிழமை துடைக்கிற இடம். கடைசியில் சிவகௌரி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, குசினி மேல்தட்டின் மூலையிலிருந்த, காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மா டின்னை எடுத்தார். லண்டனில் யார் அடிக்கடி கூழ் காய்ச்சுகிறார்கள்? துருப்பிடித்த மூடியைக் கரண்டியால் நெம்ப, அது கிறீச்சென்று முனகி டப்பென்று திறந்தது. மாவுக்குள் திறப்பைப் புதைத்தார். தன் கெட்டித்தனத்தை நினைத்துத் தானே மெச்சிக்கொண்டார். அப்புறம், வழக்கம்போல, துப்புரவாக மறந்துபோனார்.

மறந்தது பீற்றர் மறுபடி வந்த அன்றுதான் தெரிந்தது. குலசேகரம் சப்பாத்தைக் கவிழ்த்தார், சாமிப் படங்களைப் புரட்டினார், மெத்தையைத் தூக்கினார். துவக்குகள் போய்விடும் என்ற பயத்தில் குப்பை வாளியைக்கூடக் கொட்டிப் பார்த்தார். பீற்றர் குசினி மேசையில் உட்கார்ந்து, சிவகௌரி அன்று காலை காய்ச்சிய ஒடியல் கூழைக் குடித்துக்கொண்டிருந்தார். உறைப்பில் கண்ணால் நீர் வடிந்தது, ஆனாலும் கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

"சிவகௌரி, நீர் கண்டனீரோ?" குலசேகரத்தின் குரல் அழுகிற மாதிரி வந்தது.

"நீங்கள் எனக்குச் சொல்லேல்லையே! சொல்லக் கூடாதெண்டு இந்தப் பொலிஸ் சேர்தானே சொன்னவர்" என்றாள் சிவகௌரி, அகப்பையை அசைத்தபடி.

பீற்றர் வருத்தத்தோடு எழுந்தார். திறப்பை மற்றவருக்குத் தெரியாமல் வைக்கத்தான் சட்டம் சொல்கிறது, தனக்கே தெரியாமல் வைக்கச் சொல்லவில்லை என்றார். லைசென்ஸ் புதுப்பிக்கப்படாது. மாத முடிவுக்குள் லைசென்ஸ் உள்ள ஒருவருக்குத் துவக்குகளைக் கைமாற்ற வேண்டும், தவறினால் பொலிஸ் எடுத்துப்போய் உருக்கிவிடும்.

உருக்குவதா! அந்த நாயையும் காட்டுக்கோழியையுமா! குலசேகரத்துக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

கைமாற்றுவது லேசான காரியமில்லை. சும்மா கொடுக்கவும் கூடாது, இரவல் கொடுக்கவும் கூடாது. வாங்குகிறவரிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும், கைமாறியதும் இரண்டு பேரும் தனித்தனியே பொலிசுக்கு எழுதி அறிவிக்க வேண்டும். இந்த நாட்டில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கக்கூட இவ்வளவு கேள்வி இல்லை. கோயில் சிநேகிதர் தில்லையம்பலத்தை லைசென்ஸ் எடுக்கச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தார்.

"விசர் கதை கதையாதேங்கோ அண்ணை! நான் துவக்கு வைச்சிருக்கிறன் எண்டு சனத்துக்குத் தெரிஞ்சால் என்னென்ன கதை கட்டுங்கள்!" என்று அவர் அலறினார். ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருந்த, கந்தோரில் அவரோடு வேலை பார்க்கும் ஒருவன் ஆசையோடு வந்தான். வாங்கிய கையோடு புறா சுடப்போவதாகச் சொன்னான். குலசேகரம் அவனுக்குத் தேநீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினார்.

தவணை முடிய இரண்டு நாள் இருக்கும்போது சிவகௌரி அவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"எனக்குத் தாங்கோ."

"உமக்குத் தரேலாது. லைசென்ஸ் வேணும்."

அவள் தன்னுடைய லைசென்ஸை நீட்டினாள். பீற்றர் முதல் தடவை வந்துபோன அடுத்த நாளே விண்ணப்பித்திருந்தாள். அவளைப் பல வருசமாகத் தெரிந்த டொக்டர் கல்யாணி சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார். குலசேகரம் கந்தோரில் இருந்த நேரம் பீற்றர் வந்து விசாரித்தும் போயிருந்தார். துவக்குகள் எதற்கு என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதிலைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்கே கேட்டதாம்.

"என்ன சொன்னனீர்?"

"இதுகள் போனால் அந்தாள் ஞாயிற்றுக்கிழமை முழுக்க என்னைத்தான் பார்த்துக்கொண்டு இருக்கும், என்னாலை ஏலாது எண்டனான்."

அலுமாரியை ஆள் வைத்து உடைத்துத் திறந்தார்கள். ஐந்து துவக்கும் சட்டப்படி கைமாறின. சிவகௌரியே ஒரு புதுப் பூட்டும் வாங்கிப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்ததும் குலசேகரம் எண்ணெய்த் துணியோடு வந்து நின்றார்.

"திறப்பைத் தாருமன்."

"உங்களிட்டை லைசென்ஸ் இருக்கோ?"

அவள்தான் திறந்து எடுத்துக் கொடுத்தாள், எதிரே கதிரையைப் போட்டு உட்கார்ந்தும் கொண்டாள். துடைத்து முடியும்வரை ஒரு கண் அவர் மேலேயே இருந்தது. அவருக்குக் கூச்சமாகத்தான் இருந்தது, ஆனால் மடியில் அந்த நாய் பத்திரமாகக் கிடந்தது. எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டியபின் அவள் சொன்னாள்: "இனி சுவர்ப் பக்கம் திரும்புங்கோ. நான் திறப்பை வைச்சிட்டு வாறன்."

தன் சொந்த வீட்டில், அடி வாங்கிய பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, குலசேகரம் சுவரைப் பார்த்து நின்றார். குசினியில் மேல்தட்டுக் கதவு திறந்தது. ஒரு கிறீச், பிறகு ஒரு டப்.

அந்தச் சத்தம்! ஒடியல் மா டின்! மறந்துபோன திறப்பு அப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. பீற்றர் குடித்த கூழ். அன்று காலை அந்த டின்னுக்குள் கைவிட்டு மா அள்ளியவள் இவள்தானே! அடி பாவி, எல்லாம் தெரிந்துகொண்டே அகப்பையை ஆட்டினாளே!

கோபத்தோடு வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். டின்னைப் பற்றிக் கேட்டால் திறப்பு இருக்கும் இடம் தனக்குத் தெரியும் என்று ஒப்புக்கொண்டதாகும். லைசென்ஸ் இல்லாத ஆளுக்கு அது தெரியக் கூடாது. தெரிந்தால் சிவகௌரியின் லைசென்ஸும் போய்விடும், துவக்குகளும் போய்விடும்.

"என்னப்பா, ஏதும் சத்தம் கேட்டதோ?" என்றாள் சிவகௌரி, கையில் ஒட்டிய மாவைத் தட்டிக்கொண்டு வந்து.

குலசேகரம் சுவரைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"எனக்கு ஒண்டும் கேக்கேல்லை."