பாண்டிச்செல்வியின் புல்லரிப்பு

இன்னும் ஒரே ஒரு கூச்சல். அவ்வளவுதான், பாண்டிச்செல்விக்கு வேலை போய்விடும்.

பட்டாசுக் கம்பெனி போர்மேன் சீனிவாசகம் காலையிலேயே சொல்லிவிட்டார். வெடிக்குள் மருந்து செலுத்தும் அறைக்குள் ஒரு குருவி நுழைந்துவிட்டது. அதற்குப் போய் அவள் "ஐயோ, குருவி!" என்று துள்ள, நாலு பேருக்குக் கை உதறியது. மருந்து இருக்கும் இடத்தில் கை உதறினால் என்ன ஆகும் என்று எம். புதுப்பட்டியில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

"இன்னைக்குச் சாயங்காலம் சாம்பிள் வெடி. காரியாபட்டி காதர் பாட்சா பாய் ஆர்டர் குடுக்க வாராக. நீ வாயைத் தொறந்தே, நாளைக்குக் கம்பெனி வேன்ல ஏறாத தாயி!"

தூறல் விழுந்தாலே நெஞ்சு படபடக்கிற ஜென்மம், என்ன செய்வாள்? அறை வாசலில் ஒரு செம்புத் தகடு உண்டு. உடம்பில் சேர்ந்த மின்சாரம் மண்ணுக்குள் இறங்கட்டும் என்று அதைத் தொட்டுவிட்டுத்தான் எல்லாரும் உள்ளே போவார்கள். மின்சாரத்தையே இறக்குகிற தகடு, பரபரப்பை இறக்காதா? வேலை முடிந்ததும் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றாள்.

"ஏட்டி, அது என்ன ஒம் புருசனா?" கூட வேலை பார்க்கும் யோகேஸ்வரி சிரித்தாள்.

"சும்மா இரு, எறங்குது!"

மைதானத்தில் முதல் வெடி. பச்சை. ஒருத்தரும் நிமிரவில்லை, தினமும் பார்க்கிறவர்கள். இரண்டாவது, சிவப்பு. யாரோ கொட்டாவி விட்டார்கள். காதர் பாட்சாவின் முகம் தொங்கியது. கார்ச் சாவியைக் கையில் எடுத்துவிட்டார்.

மூன்றாவது, ஊதாக் குடையாக விரிந்து, விளிம்பெல்லாம் தங்கமாய்ப் பொரிந்தது.

"ஆத்தாடீ!"

பாண்டிச்செல்விதான். இரண்டடி எம்பிக் குதித்திருந்தாள்.

"போச்சு!" சீனிவாசகம் தலையில் கை வைத்தார்.

காதர் பாட்சா திரும்பினார். "மொத ரெண்டுக்கும் ஏம்மா கத்தல?"

"அதுக்குப் புல்லரிக்கலையே பாய்! இந்தா பாருங்க!"

நீட்டிய கையில் பூனைமயிர் அத்தனையும் குத்திட்டு நின்றது. பாய் அந்தக் கையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், சாவியைப் பைக்குள் போட்டார்.

"போர்மேன், இதுல ஐந்நூறு பெட்டி. அடுத்த சாம்பிளுக்கும் இந்தப் புள்ளைய நிறுத்துங்க. இது சிலிர்த்தாத்தான் ஆர்டர்!"

சீனிவாசகத்துக்கு மூச்சு வந்தது. "மருந்து ரூம் ஒனக்கு வேணாம் தாயி. நாளையிலருந்து மைதானத்துலதான் வேலை. இங்கன எம்புட்டு வேணும்னாலும் கத்திக்கோ."

பாண்டிச்செல்வி வாயைத் திறந்தாள். சந்தோஷத்தில் கத்தத்தான் பார்த்தாள். விக்கல்தான் வந்தது. விக்கிக்கொண்டே மைதானத்தை இரண்டு சுற்று ஓடினாள்.