முனீஸ்வரி வீட்டுப் பள்ளிக்கு மழை லீவு

பாளையம்பட்டியில் அந்தத் தெருவுக்கென்று தனிக் கடிகாரம் வேண்டாம். முனீஸ்வரியின் செல்போன் போதும். ஒன்பதரைக்கு அது அலறினால் கணக்குப் பாடம். எதிர்வீட்டுச் சந்தனம்மாள் அரிசியை கிரைண்டரில் போடுவாள். பதினொன்றுக்கு அலறினால் தமிழ்; உளுந்து. நாலரைக்கு விளையாட்டு, அளந்து வைத்தாற்போல முக்கால் மணி நேரம்.

"தும்முறதுக்கு எத்தன மணிடி வச்சிருக்கே?" என்று சந்தனம்மாள் வாசலில் நின்றபடியே கேட்பாள். இட்லி மாவு விற்பது அவளுக்குத் தொழில். எதிர்வீட்டைப் பார்ப்பது கடமை.

பார்த்ததைச் சொல்லாமல் இருப்பானேன்? முனீஸ்வரியின் மகள் தன்விகாவுக்கு எட்டு வயது. வேன் ஹாரன் கேட்டாலே தின்ற இட்லியை வாசலில் கக்கிவிடும். அதுவும் சந்தனம்மாள் மாவில் சுட்ட இட்லி. தொழிலுக்குக் கெட்ட பேர்! ஆடி மாதம் முனீஸ்வரி, "இனி என் வீடுதான் என் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்" என்று வேனை நிறுத்திவிட்டாள். வாந்தி நின்றது, பிள்ளை வாய் திறந்து பேசியது. டவுனில் இரும்புக் கடை வைத்திருக்கும் அவள் புருசன் ஜெகதீஸ்வரனுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. "தை வரைக்கும் பாப்போம். பிள்ளைக்கு ஒட்டலைன்னா பழையபடி வேன்தான்" என்றான். அன்றைக்குப் பிடித்ததுதான் இந்த அலாரம்.

கார்த்திகையில் ஒருநாள் விடியும்போதே மழை. நம்ம பக்கம் மழைக்கு லீவு விடுவதென்பது லாட்டரி விழுந்த மாதிரி. டிவியில் கலெக்டர் உத்தரவு வந்ததுதான் தாமதம், தெருப் பிள்ளைகள் பூராவும் முழங்கால் வரைக்கும் கரிசல் சகதியோடு நின்றன.

ஒன்பதரைக்கு அலாரம் அடித்தது. சந்தனம்மாள் கிரைண்டரை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"எனக்கும் லீவு" என்றது தன்விகாவின் குரல்.

"நம்ம வீட்டுக்குள்ளயா மழை பெய்யுது? நீ என்ன வேன்லயா போறே? உக்காரு."

"அப்ப நான் ஸ்கூலுக்கே போறேன். அங்கதான் லீவு விடுறாக."

அப்புறம் சத்தமே இல்லை. சந்தனம்மாளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. யாரும் கேட்காத மாவில் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

முனீஸ்வரி அடுப்படியில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். "கேட்டீகளாக்கா? அவளே போறேங்கிறா. அவுக காதுல விழுந்தா நாளைக்கே வேனுக்குச் சொல்லிருவாக."

"அது கெடக்கட்டும். ஒன் வீடு பள்ளிக்கூடமா, இல்லையா?"

"பள்ளிக்கூடந்தான்! ஒங்களுக்கு எத்தன தடவ சொல்றது?" சொந்தக்காரர்களிடம் ஐந்து மாதமாக இதற்கே மல்லுக்கட்டிய வாய், அழுகைக்கு நடுவிலும் பாய்ந்தது.

"அப்புறமென்ன? கலெக்டரு எல்லாப் பள்ளிக்கூடத்துக்குந்தான லீவு சொன்னாரு. ஒன் பள்ளிக்கூடத்த மட்டும் கழிச்சுவிட்டா சொன்னாரு?"

முனீஸ்வரி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அடங்கும் முன்னே தன்விகா தெருவில் இருந்தாள், ஒரு காலில் மட்டும் செருப்போடு.

முனீஸ்வரி வீட்டைக் கூட்ட விளக்குமாறைக் கையில் எடுத்தாள்.

"ஏண்டி, வாத்தியாரம்மாவுக்கும் லீவுதான். போய்ப் படு" என்று சந்தனம்மாள் அதைப் பிடுங்கி வைத்தாள்.

"நானா? படுக்கவா?" யாரோ வெளிநாட்டுக்குக் கூப்பிட்ட மாதிரி கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைகூட இல்லாத ஐந்து மாதம். படுத்தவள் அடித்துப்போட்டாற்போல் தூங்கினாள். சந்தனம்மாள் ஜன்னல் வழியாக மூன்று தரம் பார்த்து உறுதிசெய்துகொண்டாள்.

பிள்ளை மதியம் சேறும் சிரிப்புமாக வந்து ஆறு தோசை தின்றது. யார் மாவு என்று சொல்லவும் வேண்டுமோ?

சாயங்காலம் ஜெகதீஸ்வரன் வந்தபோது சந்தனம்மாளும் அங்கேதான் இருந்தாள். மழை விட்டுவிட்டதா என்று கேட்க வந்திருந்தாள்.

வீடெல்லாம் சகதிக் காலடி. "என்ன இது? இன்னைக்குப் படிக்கலையா?" என்றான்.

முனீஸ்வரி அவசரமாகக் காலடித் தடத்தைத் துடைக்கக் குனிந்தாள்.

"இல்லப்பா, எங்க பள்ளிக்கூடத்துக்கு இன்னைக்கு லீவு" என்றாள் தன்விகா.

"எந்தப் பள்ளிக்கூடம்?"

"இதாம்ப்பா!" இதுகூடத் தெரியாதா என்று பார்த்தாள். "நாளைக்கு உண்டு. ஏழாம் வாய்ப்பாடு."

அவன் நனைந்த சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். "சரி தாயி, ஒனக்கு ஒட்டிப்போச்சு. தைக்குப் பெறகும் இதே பள்ளிக்கூடத்துலயே படி."

முனீஸ்வரி சந்தனம்மாளை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்க மட்டும் இன்னைக்கு எட்டிப் பாக்காம இருந்திருந்தா…"

எட்டிப் பார்த்ததற்கு எத்தனையோ பேரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறாள் சந்தனம்மாள். நன்றியோடு பிடித்த கை இதுதான் முதல். காலிக் கிண்ணத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"அதுக்கென்னடி, தெனமும் பாக்குறேன்."