நாற்காலியில் அம்மா இல்லை

1

இந்தக் கதை என் கால்வலியில் பிறந்தது. அழகுக்கலைப் பயிற்சிப் பள்ளியில் நாள் முழுக்க நின்றபடி பாடம் எடுப்பவள் நான். ‘தொழில் மனப்பான்மை’ பாடத்துக்கு ஒரு மாதிரிக் கதை எழுதும் வேலையை முதல்வர் என் தலையில் கட்டிவிட்டார். நல்ல மாணவி, நல்ல வாடிக்கையாளர், நல்ல முடிவு வேண்டுமாம்.

2

தொடக்கம் ஒன்று: புன்னகையே ஓர் அழகுக்கலைஞரின் முதல்—

(வேண்டாம். எழுதும்போதே கொட்டாவி வருகிறது.)

தொடக்கம் இரண்டு: செய்முறைத் தேர்வுக்கு மாணவிகள் ஆளுக்கொருவரைக் கூட்டிவர வேண்டும். வருவது பெரும்பாலும் வீட்டு ஆள்தான். அதனால் வருடம் முழுக்கத் தொண்டை வற்றச் சொல்லியிருக்கிறேன்: நாற்காலியில் அம்மா, அத்தை, அக்கா யாரும் கிடையாது, வாடிக்கையாளர் மட்டும்தான். (என் அக்காவுக்கு முடி வெட்டும்போது நான் சண்டை போட்டுக்கொண்டேதான் வெட்டுவேன். அது வேறு கதை.)

3

வகுப்பே அவசரக்குடுக்கை என்று கூப்பிடும் பெண், தன் அம்மாவை உட்காரவைத்திருக்கிறாள். (இவளைப் பொறுமைசாலியாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை.) தேறினால் திங்கட்கிழமை ஒரு பார்லரில் வேலை. வீடே அதைத்தான் நம்பியிருக்கிறது. முடிக்குப் போடும் டை கலந்தாயிற்று. காதோர முடியை ஒதுக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

டை ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க, முந்தின நாளே காதுக்குப் பின்னால் ஒரு துளி வைப்போம். அந்த இடம் சிவந்து தடித்திருந்தது. காலையில் கேட்டபோது ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, அம்மா முடியை இழுத்துவிட்டு மறைத்திருக்கிறாள்.

“மேடம், இங்க அரிக்குதா?”

“யாருடி மேடம்? கொசு கடிச்சிருக்கும். சும்மா போடு.”

“ஒத்துக்கலன்னா போடக் கூடாது மேடம். முகமெல்லாம் வீங்கிடும்.”

“வீங்கினா வத்திடும். வேலை போச்சுன்னா வருமா? உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்டி, போட்டுடு.”

தேர்வாளர் தள்ளி நின்றதால் அவர் காதில் விழவில்லை. என் காதில் விழுந்தது.

“மிஸ், நீங்க சொல்லுங்க.” அவள் என் பக்கம் திரும்பினாள்.

4

முடிவு ஒன்று: நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன். அவள் டை போட்டுத் தேறுகிறாள். (முதல்வருக்கு இது போதும்.)

முடிவு இரண்டு: அவள் பிரஷைக் கீழே வைக்கிறாள். தேர்வாளர் அவளை மெச்சித் தோளைத் தட்டி—

இல்லை, விதி அப்படி இல்லை. வேலையை முடிக்காதவளுக்குத் தேர்ச்சி கிடையாது. அடுத்த தேர்வு வரைக்கும் பார்லர் காத்திருக்காது.

முடிவு மூன்று: நானே நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் கொடுக்கிறேன். (ஆசிரியர்கள் உட்காரக் கூடாதாம். கேட்டுப் பார்த்துவிட்டேன்.)

5

அலுத்துவிட்டது எனக்கு. அந்தப் பெண் மகளாக இருந்தாலும் நிறுத்தத்தான் வேண்டும், தொழில்காரியாக இருந்தாலும் நிறுத்தத்தான் வேண்டும். போடு என்று சொல்வது அம்மா ஒருத்திதான். ஆனால் நிறுத்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தேறிவிட்டால் திங்கட்கிழமை அவள் முன்னால் உட்காரப்போவது இதைப் படிக்கும் நீங்கள். நீங்களும் “சும்மா போடு” என்பீர்கள். அப்போது அவள் என்ன செய்ய வேண்டுமோ, அதை இப்போதே அவளிடம் சொல்லுங்கள். நிறுத்தச் சொன்னால், நாற்காலியிலிருந்து எழுந்து வீட்டுக்குப் போகும் அந்த அம்மாவுக்கும் நீங்களே பதில் சொல்லுங்கள்.