பதில் வராவிட்டால் சம்மதம்

மன்னிப்புக் கடிதம் எழுதுவதில் நான் கைதேர்ந்தவன். மாகாணச் செயலகத்தில் பதினோரு வருடம் உட்கார்ந்தவனுக்கு வேறு என்னதான் வரும்? ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அக்கா வெள்ளைத்தாளை என் முன்னால் வைத்து, "நீ எழுதினாத்தான் சரியா இருக்கும். எனக்கு வார்த்தை வரல" என்றபோது, கை மேசைக்கடியிலிருந்து மேலே வரவில்லை.

அக்கா எங்கள் ஊர் நகர சபையின் தலைவர். ஊர் மருத்துவமனையின் பிரசவப் பிரிவு மூடப்பட்டதற்கு அவள்தான் காரணம் என்று ஊர் நினைத்தது. அவளும் அப்படித்தான் நினைத்தாள். அன்று மாலைக் கூட்டத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பதவி விலகுவதாக இருந்தாள். காரணம் நான்தான் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

நடந்தது இதுதான். தலைநகரில் ஒரு வாக்கியம் எழுதினார்கள். வருடத்துக்கு இருநூறு பிரசவம்கூட நடக்காத மருத்துவமனைகளில் அந்தப் பிரிவை மூடி, பெரிய நகரத்தோடு இணைக்கலாம். அதற்கு முன் அந்தந்த ஊர்ச் சபையின் கருத்தைக் கேட்க வேண்டும். அங்கே அவ்வளவுதான் வேலை. வரைபடத்தை விரிப்பார்கள், புள்ளிகளை எண்ணுவார்கள், ஒரு வாக்கியம் எழுதுவார்கள். அது மாகாணத்துக்கு வந்ததும் நாங்கள் சுற்றறிக்கை ஆக்குவோம். கோப்பு ஏழு மேசை ஏறி இறங்கும். ஒவ்வொரு மேசையும் ஒரு சொல்லை மாற்றிக் கடமையை முடித்துக்கொள்ளும். யாரும் எதையும் முடிவு செய்ததாகத் தெரியாது, கடைசியில் முடிவு மட்டும் இருக்கும்.

ஊர்ச் சபை வேறு ரகம். செயலகத்துக்குப் போகுமுன் ஒன்பது வருடம் அங்கே எழுத்தராக இருந்தவன் நான். மாகாணம் முழுக்க எல்லாச் சபையும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, முதல் செவ்வாய்க்கிழமை கூடும். எங்கள் மண்டபத்தில் அறுபது நாற்காலி, எழுபது பேர். யார் வேண்டுமானாலும் எழுந்து மூன்று நிமிடம் பேசலாம். அதற்கென்று தலைவர் மேசையில் ஒரு சின்னக் கடிகாரம் உண்டு, திருகி வைத்தால் நேரம் முடிந்ததும் மணியடிக்கும். அதுவரை யாரும் குறுக்கே பேசக் கூடாது, எழுந்தவரும் உட்காரக் கூடாது. ரொட்டிக்கடைக்காரர் சாக்கடையைப் பற்றி ஆரம்பித்து, பாதியிலேயே விஷயம் தீர்ந்து, மீதி நேரம் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். கேலி செய்து சிரிப்போம். ஆனால் எந்த வீட்டுப் பெண்ணுக்கு எத்தனையாவது மாதம் என்பது அந்த எழுபது பேருக்கும் தெரியும். தலைநகரத்து வரைபடத்தில் அது கிடையாது.

என் மேலதிகாரி கோப்பை நீட்டி, சீக்கிரம் முடிய வேண்டும், எதிர்ப்பு அதிகம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். தேதி எதையும் அவர் சொல்லவில்லை. பதிலளிக்க முப்பது நாள் என்று எழுதியது நான். அனுப்பும் நாளாகப் புதன்கிழமையைப் போட்டதும் நான். அதாவது, எல்லாச் சபையும் கூடிக் கலைந்த மறுநாள். அடுத்த கூட்டம் வருவதற்குள் முப்பது நாள் முடிந்து, அதற்கு மேலும் ஒரு மாதம் போயிருக்கும். தலைப்பில் 'நடவடிக்கைக்கு' என்று போடாமல் 'பார்வைக்கு' என்று போட்டேன். பார்வைக்கு வருவதையெல்லாம் ஊர் அலுவலகம் அடுத்த கூட்டத்துக்கான காகிதக் கட்டுக்குள் செருகிவிடும். நானே ஒன்பது வருடம் செருகியிருக்கிறேன். பதில் வராவிட்டால் சம்மதமாகக் கொள்ளப்படும் என்ற வரியை இரண்டாம் பக்கத்தின் அடியில் வைத்தேன். நாற்பத்தொரு ஊரில் முப்பத்தெட்டு ஊர் பதில் தரவில்லை. மேலதிகாரி என் தோளைத் தட்டிக்கொடுத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

எங்கள் ஊரும் பட்டியலில் இருந்தது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அக்கா கெட்டிக்காரி, எப்படியும் கண்டுபிடித்து எழுதிவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு போன் போட்டிருந்தால் போதும். அந்த மாதம் நான் போடவில்லை. அவள் இரண்டு முறை கூப்பிட்டபோதும் வேலையாக இருக்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

போன மாதம், பட்டப்பகலில், கொட்டும் மழையில், ரொட்டிக்கடைக்காரரின் மகள் பெரிய நகரத்துக்குப் போகும் வழியில் அப்பாவின் ரொட்டி வண்டியிலேயே பிள்ளை பெற்றாள். முன்னால் ஒரு சரக்கு லாரி வழிவிடாமல் ஊர்ந்துகொண்டிருந்ததாம். குழந்தை பிழைத்துவிட்டது. தாய்க்கு ரத்தம் நிறையப் போய், இன்னும் படுக்கையில் கிடக்கிறாள். ரொட்டிக்கடைக்காரர் அக்காவை ஒரு வார்த்தை திட்டவில்லை. எதிரே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், அவ்வளவுதான். மூன்று வாரமாக உன் அக்கா சரியாகச் சாப்பிடுவதில்லை என்று மாமா வாசலிலேயே என்னிடம் சொல்லியிருந்தார்.

அக்கா சுற்றறிக்கையை எடுத்துக் காட்டினாள். முதல் பக்க ஓரத்தில் அவள் சுருக்கொப்பம் இருந்தது.

"பாரு, என் கைக்கு வந்திருக்கு. ஒரு பக்கம் திருப்பியிருந்தா போதும். திருப்பல."

எழுதிக் கொடுத்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. 'காலக்கெடுவைக் கவனிக்கத் தவறியது முழுக்க என் பிழை' என்ற வாக்கியம் வழுக்கிக்கொண்டு வந்தது. அக்கா படித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் மனதில் இருப்பதை அப்படியே எழுதியிருக்கிறாயே என்று சொல்லி என் தலையில் கை வைத்தாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அக்கா, அந்தத் தேதியப் போட்டது நான்."

அவளுக்குப் புரியவில்லை. புதன்கிழமை, பார்வைக்கு, இரண்டாம் பக்கம் என்று ஒன்று விடாமல் சொன்னேன். மாமா கையில் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நம்ம செவ்வாய்க்கிழமை உனக்கு ஞாபகம் இருந்துச்சா?"

"இருந்துச்சு. அத வச்சுத்தான் போட்டேன்."

அவள் கத்தியிருக்கலாம். கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள். பிறகு வந்து, நான் எழுதிய கடிதத்தை நான்காகக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, சாயங்காலம் கூட்டத்துக்கு வா என்று மட்டும் சொன்னாள்.

அதன் அர்த்தம் எங்கள் இருவருக்குமே தெரியும். சபையில் சொன்னது குறிப்பேட்டில் ஏறும். ஏறியது செயலகத்துக்கும் தலைநகரத்துக்கும் போகும். கருத்துக் கேட்ட முறையே தவறு என்று ஆனால், மூடிய உத்தரவை மறுபடி எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். என் வேலைக்கும் அதே குறிப்பேடு உலை வைக்கும். போகாமல் பஸ் ஏறிவிடலாமா என்று மத்தியானம் முழுக்க யோசித்தேன். வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், பஸ் நேரத்தைக்கூடப் பார்த்து வைத்தேன்.

மாலையில் மண்டபத்தின் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தேன். எனக்கு முன் வரிசையில் ரொட்டிக்கடைக்காரர் இருந்தார். அக்கா முதல் விஷயத்தை வாசித்தாள்: மருத்துவமனை.

"இதுல முதல்ல பேசப் போறது என் தம்பி. அவன் சொல்றத ஒரு வரி விடாம எழுதிக்கோங்க" என்று எழுத்தரிடம் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைத் திருகி வைத்தாள்.

எழுந்தேன். நான் எந்த மேசையில் உட்காருகிறேன், புதன்கிழமையை ஏன் தேர்ந்தெடுத்தேன், எந்த வரியை ஏன் அடியில் வைத்தேன் என்று சொன்னேன். ஏழு மேசையும் மூன்று மாதமும் பிடித்த விஷயம் ஒரு நிமிடத்துக்குள் தீர்ந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். அதுவும் சீக்கிரம் முடிந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்காரப் போனேன்.

"இன்னும் நேரம் இருக்கு" என்றாள் அக்கா.

நின்றேன். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, விதி அப்படி. எழுத்தரின் பேனாவும் நின்றுவிட்டது. மூன்று வாரமாக அக்காவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டவர், இப்போது நாற்காலியைத் திருப்பிப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார். மணியடிக்கும்வரை என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.