கன்னத்து முள்

கடலில் நீந்திக்கொண்டிருந்த ஓர் உயிருக்கு மீனவர் மாட் சொன்ன விலை இரண்டு வெள்ளி. ஜாலான் பெண்டஹாராவில் துணிக்கடை வைத்திருக்கும் இந்தக் கபீர், சொன்ன விலைக்கு வாங்கினான் என்றால் தெருவே சிரிக்கும். ஒன்றரைக்கு முடித்தேன்.

மலாய் மண்ணின் சுதந்திரத்துக்கு ஒரு மாதம் இருந்தது. விரல் நீள மீன். முதுகு கருநீலம், வயிறு நெருப்பு. கஜா பெராங் பகுதியில் இருந்த என் வீட்டில் கண்ணாடி ஜாடியில் கடல் நீர் ஊற்றி விட்டேன். என் நிழல் விழுந்தாலே கண்ணாடியில் முட்டியது. ஒளிய ஓர் இடுக்கு இல்லை. பாறைப் பாசியைக் கொறித்து வாழும் மீனுக்கு நான் சோற்றுப் பருக்கை போட்டேன்.

மூன்றாம் நாள் ஒருக்களித்து மிதந்தது. மனைவி ரோஷன் பீவி மாட்டிடம் விசாரித்து வந்தாள். ஒரு பவளக் குவியலுக்கு ஆண் ஒன்றுதான், பெட்டைகள் நாலைந்து. அந்திக்கு அந்தி முட்டையிடும். ஆண் தொலைந்தால் பெரிய பெட்டை சில வாரத்தில் ஆணாக மாறிவிடுமாம். நம்மிடம் இருப்பது ஆண்.

"இன்னிக்கே கொண்டுபோய் விடுங்க. அப்புறம் இதுக்கு வீடு இருக்காது. நீங்க இல்லன்னா கல்லாவுல நான் உக்காரமாட்டேனா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாட்டின் படகில் மூவரும் போனோம்.

ஜாடியைக் கவிழ்த்திருந்தாலே போதும். ஆனால் நல்ல சரக்கை வெறுங்கையால் நீட்டுவது எங்கள் கடையில் வழக்கமில்லை. மெல்லிய மல் துணியில் அள்ளினேன். மீன் உதறியது, அதன் கன்னத்தில் நீட்டியிருந்த முள் நூலில் மாட்டிக்கொண்டது. இழுத்தால் முகம் கிழியும். விற்காத துணியை வெட்டிப் பழகாத விரல்கள் இழை இழையாகப் பிரிக்கப் பார்த்தன. மீனின் வாய் திறந்தது, மூடவில்லை.

"கத்தரி இடுப்புலதான இருக்கு," என்றாள் ரோஷன், மெதுவாக.

வெட்டினேன். கன்னத்தில் நூல் தொங்க மீன் கீழே போனது. தெளிந்த நீருக்குள் பெரிய பெட்டை சீறி வந்து அதை இடுக்குக்குள் விரட்டியது. படகு விளிம்பில் குனிந்து பார்த்தேன். நெடுநேரம் கழித்து எங்கள் மீன் வெளியே வந்தது, நூல் இல்லாமல். விறைத்துக்கொண்டு எதிரே நின்றது. பெரியவள் விலகினாள்.

ஒன்றை எடுத்தேன், ஒன்றை வைத்தேன். மல் துணி அரை கெஜம் செலவு. அது ஜாடியில் கிடந்த இரண்டு அந்திகளின் முட்டைகள் என் பெயரில் இன்னும் பாக்கி.